தாமரையின் சபதமும் ஒரு தட்டுக் கைலானும்

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிற எங்கள் தாஸ்காவுக்கு, அதாவது வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளை விட்டுச் செல்லும் காப்பகத்துக்கு, புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் யாரும் என்னைப் பற்றி விசாரிப்பதில்லை. நான் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் ரமணி டீச்சர். ஒன்பது வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது ஒன்றுதான்: "அந்தச் சமையல் அக்கா இன்னும் இருக்காங்கதானே?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பதினொன்றரை மணிக்குச் சமையற்கட்டிலிருந்து வெங்காயமும் நெத்திலியும் வதங்கும் வாசனை வந்துவிட்டால் என் கோபம் பறந்துவிடும். வயிறு என்று ஒன்று எனக்கும் இருக்கிறதே.

அந்தச் சமையல் அக்காவின் பெயர் தாமரை. வயது முப்பத்தெட்டு. ஊர் சுங்கை பூலோ. அவளுடைய அப்பா அங்கே ஒரு செடி விற்கும் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு இடத்திலும் எதையாவது நட்டுக்கொண்டே இருப்பாராம். ஆறு பிள்ளைகள், பின்கட்டில் நான்கு பாத்தி கீரை. கணக்குச் சரியாக இருந்தது. பச்சையாக ஏதாவது இல்லாமல் அந்த வீட்டில் ஒரு தட்டும் நகராது என்று தாமரை பெருமையாகச் சொல்வாள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். ஓட்டையான கையுறையைக் கண்டுபிடித்து எடுத்துப் போடுகிற வேலை. பிறகு கல்யாணம். மாப்பிள்ளை திருச்செல்வம், அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

எங்கள் தாஸ்காவுக்கு அவள் வந்தது கூட்டிப் பெருக்கத்தான். ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள் சமையல்காரம்மா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதலாளி உர்சுலா ஆன்டி போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். தாமரை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். இருந்தது அரை முட்டைக்கோஸ், ஒரு கை நெத்திலி, பத்து முட்டை. அன்றைக்கு இருபத்து மூன்று பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஒரு தட்டிலும் மிச்சமில்லை. மறுநாள் துடைப்பம் வேறு கைக்குப் போனது.

அவளுடைய வித்தையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எந்தப் பிள்ளையையும் அவள் "சாப்பிடு" என்று அதட்டியதில்லை. காயை ஒதுக்குகிற பிள்ளையைக் கொண்டுபோய் யுகேந்திரன் பக்கத்தில் உட்கார வைப்பாள். யுகேந்திரனுக்கு மூன்று வயது. தட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடுவான். அப்புறம் அவளும் ஒரு தட்டில் அதே சோறு, அதே காயோடு எதிரில் உட்கார்ந்து, உலகத்தில் இதைவிட வேறு சுகமே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். கண் மட்டும் பிள்ளையின் முகத்தை விட்டு நகராது. வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். மறுநாள் திரும்ப ஒரு துளி வைப்பாள். "பத்துத் தடவை வைப்பேன் டீச்சர். பதினோராவது தடவை அவனே எடுப்பான்," என்பாள். எடுப்பார்கள். தினமும் பையில் கோழி நக்கெட் கொண்டுவந்த ஒரு பையன் ஆறே வாரத்தில் பாவக்காய் கேட்டு அழுதான். அவன் அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார், ஆள் தெரியாமல்.

"நாக்கு என்ன டீச்சர் நாக்கு. நாம பழக்குனா பழகிட்டுப் போகுது. இதுல ரத்தம் எங்க வந்துச்சு?" இது அவளுடைய கட்சி.

இந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மகள் யாஷ்வினி. ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பள்ளி விட்டதும் வேனில் எங்களிடம் வந்துவிடுவாள். மீன் சாப்பிடுவாள், முள்ளோடு கொடுத்தாலும் சாப்பிடுவாள். சம்பல், டுரியான், எதற்கும் அஞ்ச மாட்டாள். ஆனால் முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, கைலான் என்று வந்தால் வாய் மூடிக்கொள்ளும். கைலான் என்பது தடித்த தண்டும் கரும்பச்சை இலையுமாக இருக்கும் சீனத்துக் கீரை. தாமரை அதைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் நான் வெறும் சோற்றில் பிசைந்தே இரண்டு தட்டுச் சாப்பிடுவேன். யாஷ்வினி அதைக் கண்டால் தட்டையே பின்னுக்குத் தள்ளுவாள். "கசக்குது," என்பாள். "கசக்கல, சும்மா சொல்ற," என்பாள் தாமரை. ஊரார் பிள்ளையிடம் பதினோரு தடவை காத்திருக்கிறவளுக்குச் சொந்தப் பிள்ளையிடம் மூன்றாம் தடவையே மூக்கு சிவந்துவிடும்.

போதாக்குறைக்குப் புனிதா. திருச்செல்வத்தின் அக்கா, கிள்ளானில் இருக்கிறார். பிள்ளையின் உடம்பைக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிற மனிதர். நெற்றி எங்க அப்பா, விரல் எங்க சித்தப்பா, கணக்கில் கெட்டி எங்க பக்கம், சளி பிடிப்பது உங்க பக்கம். நல்லதெல்லாம் கிள்ளானிலிருந்து வந்தது, மிச்சம் சுங்கை பூலோவில் ஏற்றியது. தாமரை எத்தனையோ வருடம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் புனிதாவின் மகனுக்குப் பிறந்தநாள். தாமரை குடும்பத்தை என் காரில் நான்தான் கிள்ளானுக்குக் கூட்டிப்போனேன், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மேசை நிறைய சாப்பாடு. ஆர்டர் கொடுத்து வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ், அதில் முட்டைக்கோஸ் நீள நீளமாகக் கிடந்தது. யாஷ்வினி உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். அவ்வளவு பொறுமையாக அவள் வீட்டுப்பாடம் செய்து நான் பார்த்ததில்லை.

புனிதா அதைப் பார்த்துவிட்டார். "எங்க பக்கத்துல இப்படி ஒருத்தரும் கெடையாதும்மா. தம்பிய பாரு, கல்லைக் குடுத்தாலும் சாப்பிடுவான். ஊருக்கெல்லாம் ஊட்டி விடுற, உன் பிள்ளைக்கு ஊட்ட முடியலியே தாமரை? அது ரத்தம். நீ என்ன செய்வ, பாவம்."

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் தீயை வைத்தது.

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல, அண்ணி. பழக்கம்தான். உங்க தம்பியையே பாருங்க. தட்டுல மொதல்ல காலியாகுறது காய்தான். கோழியக்கூட அப்புறம்தான் தொடுவாரு." சொன்னபடியே திருச்செல்வத்தின் தட்டில் முட்டைக்கோஸ் எல்லாம் தீர்ந்திருந்தது. தாமரை பெருமையோடு இன்னொரு கரண்டி அள்ளி வைத்தாள். அவர் தலை நிமிராமல் அதையும் சாப்பிட்டார். "ஏப்ரல்ல எங்க தாஸ்காவுல பெற்றோர் தினம். நீங்களும் வாங்க. எல்லார் முன்னாலயும் இவ ஒரு தட்டுக் கைலான் சாப்பிடுவா. சாப்பிடலன்னா நான் கரண்டிய கீழ வச்சிட்டு மறுபடியும் தொடப்பத்த எடுக்கறேன். போதுமா?"

"வரேன்லா," என்றார் புனிதா. "கட்டாயம் வரேன்."

இந்தச் சபதம் அந்த மேசையோடு போயிருக்க வேண்டியது. அதை உர்சுலா ஆன்டியிடம் போய்ச் சொன்ன புண்ணியவதி நான்தான். சிரிப்பதற்காகச் சொன்னேன். ஆன்டி சிரிக்கவில்லை. அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி போட்டுவிட்டார்: பெற்றோர் தினத்தில் சமையல் அக்காவின் செயல்விளக்கம், காய்கறி சாப்பிடாத சொந்த மகளைச் சாப்பிட வைத்துக் காட்டுவார், அனைவரும் வருக. தாமரை என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. என் தட்டில் மட்டும் நெத்திலி குறைந்தது.

அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டில் நடந்தது போர். முட்டைக்கோஸைத் தூளாக நறுக்கித் தோசை மாவில் கலந்தாள். யாஷ்வினி தோசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தாள். கைலானை அரைத்துச் சப்பாத்தியில் பிசைந்தாள். "சப்பாத்தி ஏன் பச்சையா இருக்கு?" என்று கேள்வி வந்தது. பாண்டான் இலைச் சாறு என்று பொய் சொன்னாள். பாண்டான் வாசனை எங்கே என்று அடுத்த கேள்வி. முர்தபாக் ரொட்டிக்குள் ஒளித்தாள், மீன் உருண்டைக்குள் ஒளித்தாள், ஒரு நாள் ஐஸ்கிரீமில்கூட ஏதோ செய்யப் பார்த்தாள். ஒன்றிலும் பாச்சா பலிக்கவில்லை. தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறையைக் கண்டுபிடித்தவளின் மகளாயிற்றே. கண்டுபிடிக்கிற திறமை மட்டும் சுங்கை பூலோ பக்கம்தான் என்று நான் சொன்னேன். அதற்கும் முறைத்தாள்.

மிஞ்சியதையெல்லாம் சாப்பிட்டு முடித்தது திருச்செல்வம். பச்சைச் சப்பாத்தி ஒன்பதை ஒரே இரவில் முடித்தாராம். "எப்படி இருக்கு?" என்று தாமரை கேட்டால், "நல்லா இருக்கு." அவ்வளவுதான். "பாத்தியா, அப்பா எப்படிச் சாப்பிடுறாரு பாரு," என்று மகளிடம் காட்டுவாள். மகள் அப்பாவை உற்றுப் பார்ப்பாள்.

பெற்றோர் தினத்துக்கு முதல் நாள் தாமரை என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"தோத்துட்டா உண்மையிலயே தொடப்பத்த எடுத்துடுவேன் டீச்சர். வெளையாட்டுக்குச் சொல்லல. என் பிள்ளையையே சாப்பிட வைக்கத் தெரியாதவ மத்தவங்க பிள்ளைக்கு என்னத்தக் கிழிக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. என் வாய்க் கொழுப்பால் வந்த வினை. சமாதானமாக என்னவோ சொன்னேன், அது அவள் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை கூடம் நிறைந்துவிட்டது. முப்பது பெற்றோருக்குக் குறையாது. பெரிய நாற்காலி போதாமல் பாதிப் பேர் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். திருச்செல்வம் அப்படி ஒன்றில் முழங்காலை முகவாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புனிதா பட்டுச் சேலையில் வந்து முன்வரிசையைப் பிடித்தார். நடு மேசையில் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் பூண்டு போட்டு வதக்கிய கைலான், பக்கத்தில் தாமரையின் கரண்டி. யாஷ்வினி தலைவாரி, ரிப்பன் கட்டி, அழத் தயாராக நின்றாள்.

அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆட்ரி என்ற பெண் பேச வேண்டும். உர்சுலா ஆன்டியின் தேவாலயத்தில் பாடுகிற பெண், சத்துணவுப் படிப்பு. பிள்ளைகள் ஏன் சில காய்களை ஒதுக்குகிறார்கள் என்று பேசினாள். சிலருக்குப் பிறவியிலேயே நாக்கு அப்படி அமைந்துவிடுமாம். முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, கைலான் மாதிரிக் காய்களில் இருக்கிற ஒரு கசப்பு அவர்களுக்கு நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அது அம்மா அப்பாவிடமிருந்து வருவது. ஆனால் எதைச் சாப்பிடப் பழகுகிறோம் என்பது வீட்டில் நடப்பதையும் பொறுத்தது. இப்படி நன்றாகத்தான் சொன்னாள். தாமரை பாதிக்குத் தலையாட்டினாள், பாதிக்கு ஆட்டவில்லை.

"சோதிச்சுப் பாக்கலாம், வாங்க," என்று ஆட்ரி ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே மெல்லிய காகிதத் துண்டுகள். நாக்கில் வைத்தால் சிலருக்குக் கசக்கும், சிலருக்கு வெறும் காகிதம். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். யுகேந்திரன் காகிதத்தையே விழுங்கிவிட்டான். உர்சுலா ஆன்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வேப்பங்காயைக் கடித்ததுபோல் ஏறியது. நான் துப்பியதை முப்பது பெற்றோரும் பார்த்தார்கள். இந்தக் கசப்பு நாக்கை வைத்துக்கொண்டுதான் இரண்டு தட்டுக் கைலான் சாப்பிடுகிறேன் என்று அன்றுதான் எனக்கே தெரியும். பூண்டு செய்கிற வேலை.

யாஷ்வினி வைத்த மாத்திரத்தில் கத்தினாள். "கசக்குது! ம்மா, கசக்குதும்மா!" தண்ணீர் கொண்டுவர நான் ஓடினேன்.

தாமரை ஒரு துண்டை வாங்கி நாக்கில் வைத்தாள். முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள். "வெறும் கடுதாசிதான்," என்றாள், குழம்பிப்போய்.

"ஆமா ஆன்டி, சிலருக்கு அப்படித்தான். அங்கிளுக்கு?"

திருச்செல்வம் வாங்கி வைத்தார். முகம் அசையவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். விழுங்கினார். "ஒண்ணும் தெரியல," என்றார்.

ஆட்ரி சின்னப் பெண். யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "அலாமாக், ரெண்டு பேருக்கும் கசக்கலியா? அப்ப பிள்ளைக்கு எப்படி... பொதுவா அப்படி வராதே. அம்மா, இல்லன்னா அப்பா, யாராவது ஒருத்தர்கிட்ட இருக்கணும். நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது, ஆனா..." அதற்குள் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பக்கத்து நாற்காலிக்காரியை இன்னொருத்தி முழங்கையால் இடித்ததை நான் பார்த்தேன். அந்த இரண்டு பேருடைய பிள்ளைகளுக்கும் கால் கழுவி விட்டவள் தாமரை. எழுந்துபோய் இரண்டையும் ஒரு அறை அறையலாமா என்றிருந்தது எனக்கு.

புனிதா மெதுவாகத் திரும்பித் தாமரையைப் பார்த்தார். "என்னது?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

தாமரையின் முகத்தில் ரத்தமில்லை. கைலான் போயிற்று, சபதம் போயிற்று, இப்போது போவது மானம். புருஷனைப் பார்த்தாள்.

திருச்செல்வத்துக்கு விஷயம் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். ஆட்ரியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் தாமரையின் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்தார். எழுந்தார். குட்டி நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழுந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு டப்பாவிடம் போனார். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றாக நாக்கில் வைத்து, இந்த முறை முகத்தை அதன் போக்குக்கு விட்டுவிட்டார். கண் இடுங்கியது, மூக்கு சுருங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறின.

"கசக்குது," என்றார். "மொதல்லயே கசந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

"ஏன் அங்கிள்?" என்றாள் ஆட்ரி, உயிர் திரும்பி வந்தவளாக.

"இது கசக்குதுன்னு சொன்னா, அப்புறம் கைலானும் கசக்குதுன்னு ஆயிடும்ல?"

தாமரைக்கு இப்போதுதான் குரல் வந்தது. "ஆயிடும்னா? உங்களுக்குக் கைலான் கசக்குமா?"

"கசக்கும்."

"முட்டைக்கோசு?"

"அதுவும்."

"ப்ரோக்கோலி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது இன்னும் மோசம்."

"எத்தன நாளா?"

"பதினோரு வருஷமா. நம்ம கல்யாணத்துக்கு முன்ன எனக்கு யாரும் அத ஆக்கிப் போடல."

கூடத்தில் முதல் சிரிப்பு வெடித்தது. தாமரை சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் எப்பவும் தட்டுல மொதல்ல அதையே சாப்பிடுவீங்க?"

"மொதல்ல முடிச்சிட்டா மிச்சத்த நிம்மதியா சாப்பிடலாம்னுதான். முடிச்ச உடனே நீ இன்னொரு கரண்டி வச்சிடுவ."

இப்போது கூடமே சிரித்தது. அந்த இரண்டு முழங்கைக்காரிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். புனிதா மட்டும் விறைப்பாக எழுந்துபோய், தானும் ஒரு துண்டை வாங்கி வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் பட்டுச் சேலை முந்தானையில் துப்பினார்.

"எங்க அப்பாவுக்கும் முட்டைக்கோசு ஆகாது," என்றார். "அதனால எங்க வீட்டுக்குள்ள அது வந்ததே இல்ல. நானும் இந்த வயசு வரைக்கும் தொட்டதில்ல. பிடிக்காதுன்னு நெனச்சிக்கிட்டேன்." பிறகு நிமிர்ந்தார். "அப்ப இது எங்க பக்கம்தான். அப்படியே எங்க அப்பா நாக்கு!" தோற்றதுக்குக்கூடப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிற மனிதர்.

தாமரை நேரே மேசைக்குப் போனாள். கரண்டியை எடுத்தாள், எல்லாரும் பார்க்க, கீழே தரையில் வைத்தாள்.

"நான் தோத்துட்டேன்," என்றாள். "எனக்குக் கசக்காததால யாருக்குமே கசக்காதுன்னு நெனச்சேன். உங்க பிள்ளைங்க வேணாம்னா காத்திருந்தேன். என் பிள்ளை கசக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னா. பொய்ன்னு சொன்னேன். தோசைக்குள்ள ஒளிச்சி ஏமாத்தப் பாத்தேன்." மகளின் முன்னால் மண்டியிட்டாள். "மன்னிச்சிடுடா தங்கம்."

யாஷ்வினிக்கு இதில் பாதி விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது வேறு. அப்பாவிடம் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உங்களுக்கும் கசக்குமா? நெசமாவா?"

"நெசமா."

"எப்படிக் கசக்கும்? எனக்கு மருந்து குடிச்ச மாதிரி, அப்புறம் தொண்டைக்குள்ள கீறும்."

"எனக்குப் பேட்டரிய நக்குன மாதிரி."

"ஆமா! அதுவும்!" பேட்டரியை எப்போது நக்கினாய் என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் மேசையருகில் உட்கார்ந்துவிட்டார்கள். முட்டைக்கோஸ் வெந்தால் இன்னும் மோசமா, வேகாவிட்டால் மோசமா, தண்டு எப்படி, இலை எப்படி என்று ஒரே ஊர்க்காரர்கள் வெளியூரில் சந்தித்துக்கொண்டதுபோல் பேச்சு. பேச்சோடு பேச்சாகத் திருச்செல்வம் தட்டை இழுத்து, ஒரு கைலானை எடுத்து வாயில் போட்டு, கோணல் மாணலாக முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார். மகள் அந்த முகத்தைப் பார்த்துக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், ஓர் இலையில் பாதியைக் கிள்ளித் தன் வாயில் போட்டாள். அதே கண், அதே மூக்கு, அதே சுளிப்பு. விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். பாதி இலை. அதற்கு மேல் தொடவில்லை. கைதட்டல் கூரையைத் தூக்கியது.

"கரண்டிய எடு தாமரை," என்றார் புனிதா. "சபதம் எங்கிட்டதானே போட்ட? நான் விட்டுட்டேன்."

"அக்கா, நீங்க தொடப்பம் எடுத்தா என் மகன் பட்டினிதான்," என்று பின்னாலிருந்து யுகேந்திரனின் அப்பா குரல் கொடுத்தார். அவன் பட்டினி கிடப்பதை நான் பார்த்ததில்லை, இருந்தாலும் நல்ல மனசு.

தாமரை அவர்கள் இருவருக்கும் எதிரில் ஒரு குட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். டப்பாவிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தேடினாள். கண்ணைத் திறந்தபோது ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. புருஷனும் பிள்ளையும் போய்வருகிற ஓர் இடத்துக்குத் தனக்கு மட்டும் வழி இல்லையென்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் தெரியலியே," என்றாள். "இதையா இத்தன வருஷமா தெனமும் சாப்பிட்டீங்க?"

"தெனமும் இல்ல. ஞாயித்துக்கெழம கோழி ஆக்குவ."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

திருச்செல்வம் கையைத் துடைத்துக்கொண்டார். "எப்படிச் சொல்றது? ஆக்கி வச்சிட்டு எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்ப. அவ்வளவு சந்தோசமா பாப்ப. சாப்பிடத்தான் தோணுச்சு."

தாமரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டுமாகத்தான் இருக்கும். மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தவள், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என்ன பிடிக்கும் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள், கேட்டாள்:

"உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?"

அவரிடம் பதில் தயாராக இல்லை. கேட்டால்தானே வைத்திருப்பார். தலையைச் சொறிந்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "கத்திரிக்கா."

நான் உர்சுலா ஆன்டியைப் பார்த்தேன், ஆன்டி என்னைப் பார்த்தார். இந்த ஏழு வருடத்தில் எங்கள் சமையற்கட்டில் ஒரு கத்திரிக்காய் வெந்ததில்லை. தாமரைக்கு அது அறவே ஆகாது. வாயில் வைத்தால் குமட்டும், காய்கறிப் பாசாரில் அந்தக் கூடையைக்கூடச் சுற்றிக்கொண்டு போவாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

தாமரை எச்சிலை விழுங்கினாள்.

"சரி," என்றாள். "நமக்கு மூணு பேருக்கும் எப்படி வைக்கட்டும், குழம்பா, பிரட்டலா?"